முடிஞ்சிது என்று சொன்ன பிறகு

குண்டசாலையில் றுமைஸாவை "வீடியோ படிக்கப் போற புள்ள" என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போதே சிரிப்பும் வரும். போன் பிடித்த கையெல்லாம் வீடியோ எடுக்கிற காலத்தில் அதைப் போய்ப் படிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அப்படிக் கேட்டவர்கள்தான் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைத் தேடி வந்தவர்களும். பெண்கள் பக்கம் கமராவோடு போக ஒரு பெண்பிள்ளை வேண்டும், எடுத்ததை ஆண்கள் கண்ணில் படாமல் வெட்டி ஒட்டித் தரவும் வேண்டும். இரண்டு வருஷம் அவள் மருதாணிக் கைகளையும் தங்க வளையல்களையும் எடுத்தாள். எல்லா மணப்பெண்ணும் ஒரே மாதிரித் தலை குனிந்தார்கள், ஒரே மாதிரி நிமிர்ந்தார்கள். அவளுக்குச் சலித்துப் போனது.

அப்போதுதான் தியாகராஜா சேரிடம் போய்ச் சேர்ந்தாள். கண்டி டவுனில், பேக் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் அவருடைய இடம். மழை பெய்தால் படிக்கட்டில் ஒழுகும். கமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அவரும் ஒரு காலத்தில் கோயில் கல்யாணங்களை எடுத்தவர்தான். இப்போது ஹோட்டல், தேயிலைத் தொழிற்சாலை, வங்கி என்று கம்பனிப் படங்கள். விளம்பரம் என்ற சொல் அவருக்கு ஆகாது.

"கம்பனிக்காரன் தன் புகழத் தானே பாடினா யாரும்மா கேப்பாங்க?" என்பார். "அவன்கிட்ட வேல செய்றவங்க வாயால வரணும். டொக்கியுமென்டரி மாதிரி இருக்கணும். பாக்கிறவன் இது நெசம்னு நம்பணும். ஆனா காசு குடுக்கிறவன் கம்பனிக்காரன்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல நம்ம பொழப்பு."

அவர் சொல்லிக் கொடுத்ததில் றுமைஸாவுக்கு மனதில் ஆழமாய்ப் பதிந்தது ஒன்று இருந்தது. கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை ஆகிவிடுவார்கள். அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "முடிஞ்சிருச்சுங்க, ரொம்ப நன்றி" என்று சொல்ல வேண்டும். ஆனால் ரெக்கோடரை நிறுத்தக் கூடாது. முடிந்தது என்றதும் தோள் இறங்கும், மூச்சு வரும், அதற்குப் பிறகு வருவதுதான் பேச்சு.

"ஆனா ஒண்ணு," என்பார் விரலை நீட்டி. "அப்படிக் கெடச்சதப் போடுறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் போட்டுக் காட்டிக் கேக்கணும். கேக்காமப் போட்டா அது திருட்டு. பிக்பொக்கெட் அடிக்கிறவனுக்கும் நமக்கும் அதுதான் வித்தியாசம்."

முதல் பாதியைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு இரண்டாம் பாதியை அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

கெலிஓயாவில் நளீர் ஹாஜியாருக்குச் சரக்குக் கடை. கராம்பு, மிளகு, சாதிக்காய் எல்லாம் சுற்று வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் வாங்கி, பெண்களின் வீடுகளுக்குக் கொடுத்துப் பொறுக்க வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். வெளிநாட்டு ஆட்களுக்கு இப்போது சரக்கு மட்டும் போதாதாம்; அதைப் பொறுக்கும் கையையும் பார்க்க வேண்டுமாம். ஹாஜியார் தியாகராஜாவிடம் வந்தார். வீடுகளுக்குள் ஆண்பிள்ளைகள் கமராவோடு போக முடியாது என்பதால் வேலை முழுசாக றுமைஸாவிடம் வந்தது. அவள் தனியாகச் செய்யும் முதல் கம்பனிப் படம்.

மூன்று வீடுகளில் எடுத்தாள். மூன்றும் பாழ். ஒருத்தி "ஹாஜியார் நல்லவர்" என்று சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று கேட்டாள். இன்னொருத்தி பேசவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாமவள் நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு கராம்பைக்கூடத் தொடாமல் கதிரையில் இருந்தாள். அப்போதுதான் றுமைஸாவுக்குத் தன் தாத்தாவின் நினைவு வந்தது. தாத்தா என்றால் அக்கா. அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது.

தாத்தா ஹபீலா எட்டு வருஷத்துக்கு முன்னால் கெலிஓயாவில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் ஹாஜியாரின் கராம்பு பொறுக்குகிறவள்தான். ஆனால் அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் அம்ஜத் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், பேராதனைப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்தான், எழும்பவில்லை. விதவையானவள் நாலு மாதமும் பத்து நாளும் கணவன் வீட்டை விட்டு வெளியே இறங்கக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. ஹபீலா வெள்ளை உடுத்தி, மாமியார் அஸீமாவின் வீட்டுப் பின்னறையில், நாலு வயசு மகள் இன்ஷிராவோடு இருந்தாள்.

அம்ஜத்தின் ஜனாஸாவுக்கு வந்த கூட்டம் பள்ளிவாசல் தாண்டி ரோட்டு வரைக்கும் நின்றது. யாருக்கு ஆஸ்பத்திரி அவசரம் என்றாலும் அவன் வேன்தான் போகும். காசு கொடுத்தால் வாங்க மாட்டான். அவன் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கண் கலங்குகிறவர்கள் அந்த ரோட்டில் இருக்கிறார்கள்.

அஸீமா மாமியிடம்தான் றுமைஸா முதலில் கேட்டாள். மாமி முற்றத்துப் பாயில் கராம்பு காயவைத்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் மழை வந்தால் அவ்வளவும் வெளிறிப் போகும் என்று வானத்தை ஒரு கண்ணால் பார்த்தபடியே பேசினார்.

"இத்தாவுல இரிக்கிற புள்ள. படத்துல போடுறதாமா?"

"முகம் வராது மாமி. கை மட்டும். கராம்பு பொறுக்கிற கை."

"கொரல்?"

"கொரல் ஆருடண்டு வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும் மாமி?"

மாமி யோசித்தார். "அவளுக்கும் அறைக்குள்ளயே இரிந்து பைத்தியம் புடிக்கிற மாதிரித்தான் இரிக்கி. நாலு வார்த்த கதச்சா மனசுக்கு நல்லம். கை மட்டுமெண்டா எடு." பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்: "மகள், தங்கச்சி வந்திரிக்கா. நான் ரொட்டி சுட்ட, கட்டச் சம்பலும் இரிக்கி. தின்னாம வேலயத் தொடங்க வேணாம்."

ஹபீலா ஜன்னலோரம் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காம்பு ஒரு பக்கம், தலை உடைந்தது ஒரு பக்கம், கொழுத்துப் பழுத்தது ஒரு பக்கம். நல்லது மட்டும் சுளகில் நிற்கும். கராம்பு வாசம் அறை முழுக்க நிரம்பி, வந்த கொஞ்ச நேரத்தில் கண் எரியத் தொடங்கும். றுமைஸா மைக்கைத் தாத்தாவின் வெள்ளை முந்தானைக்குள் குத்தி, வயரை அவளுடைய இடுப்பிலேயே செருகிய ரெக்கோடரில் மாட்டினாள். கமராவை விரல்களுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இந்த வேலயப் பத்திச் சொல்லுங்க தாத்தா."

"கராம்பு பொறுக்கிற வேல நல்ல வேல. வீட்டுல இரிந்தே செய்ய ஏலும்," என்றாள் ஹபீலா. அதுவும் ஒப்பித்தல்தான். றுமைஸா இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். பதில்களும் அதே மாதிரி வந்தன. விரல்கள் மட்டும் அழகாய் ஓடின.

றுமைஸா கமராவின் மூடியைப் போட்டாள். "முடிஞ்சிது தாத்தா."

"முடிஞ்சிதா? அல்ஹம்துலில்லாஹ். எனக்கி வேர்த்துக் கொட்டிட்டுது."

ரெக்கோடரை அவள் நிறுத்தவில்லை. தாத்தாவின் இடுப்பில் அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. மாமி ரொட்டியை வைத்துவிட்டு, தூறல் போடுகிறதா என்று பார்க்க முற்றத்துக்குப் போனார்.

"மெலிஞ்சி போனீங்க தாத்தா. தூக்கமில்லையா?"

ஹபீலா சிரித்தாள். இரண்டு மாதத்தில் றுமைஸா பார்த்த முதல் சிரிப்பு.

"தூக்கமா? ஒனக்கிச் சென்னா நம்ப மாட்டாய். நல்லாத் தூங்குற. இந்தக் கராம்போட இரிக்கிற, என்ட கையால ஏதோ சம்பாதிக்கிற. இப்பதான் எனக்கி நிம்மதி."

றுமைஸா ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

"பின்னேரம் ஆனா நெஞ்சு அடிக்கிறல்ல," என்று ஹபீலா சுளகைப் பார்த்தபடியே சொன்னாள். "வேன் சத்தம் கேட்டா, இண்டைக்கி எந்த முகத்தோட வாராரோண்டு காது குடுக்கத் தேவல்ல. கறியில உப்புக் கூடினா பீங்கான் செவத்துல படும். புள்ள அழுதா பீங்கான் செவத்துல படும். ஊருக்கு அவர் தங்கம். பொய்யில்ல, ஊருக்குத் தங்கம்தான். எல்லாருக்கும் குடுத்துட்டு வந்தா எங்களுக்கு மிஞ்சினது அதுதான். உம்மாக்குச் சென்னனா? இல்ல. ஒனக்கிச் சென்னனா? இல்ல. ஆருட்ட செல்ற? செத்தவரப் பத்திக் கதைக்கக் கூடாது, அல்லா மன்னிக்கட்டும்."

அவள் இன்னொரு பிடி கராம்பை அள்ளிச் சுளகில் போட்டாள்.

"மாமிதான் பாவம்," என்றாள் பிறகு. "எனக்கி நிம்மதியெண்டாவது செல்ல ஏலும். அவ பெத்தவ. அழவும் வேணும், அழுறதுக்கு வெக்கப்படவும் வேணும். பீங்கான் ஒடஞ்ச நாளெல்லாம் அவதான் கூட்டி அள்ளினா. என்ட கையில ஓடு குத்துமெண்டு கிட்ட விட மாட்டா. மாமி இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன், றுமைஸா."

முற்றத்திலிருந்து மாமி கத்தினார்: "புள்ளயள், மழ வந்திட்டுது, பாய எடுங்க!" றுமைஸா ஓடினாள்.

பாயைச் சுருட்டும்போது அவளுக்கு அழுகை வந்தது. கூடப் பிறந்தவள் எட்டு வருஷம் பட்டது எதுவும் தனக்குத் தெரியாமல் போனதே என்றிருந்தது. ஆனால் அவளுக்குள்ளே இன்னொன்றும் நடந்திருந்தது. தாத்தா பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே அவள் கண் ஒரு தடவை இடுப்பில் எரிந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து, ஓடுகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டது. பின்னால் எத்தனையோ காரணம் சொல்லித் தன்னைத் தேற்றிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு மட்டும் அவளிடம் காரணம் இல்லை.

சேரின் மேல்மாடியில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். ஓடும் விரல்கள், நீராவி பறக்கும் பிளேன்டிக் கோப்பை, மழைக்கு முன்னால் சுருளும் பாய். எல்லாம் நன்றாய்த்தான் இருந்தன. பேச்சு மட்டும் உயிரில்லாமல் கிடந்தது. தாத்தாவின் அந்த வசனங்களை முதலில் சும்மா கேட்டுப் பார்ப்போம் என்றுதான் போட்டாள். அடுத்து, விரல்களுக்கு மேலே வைத்துப் பார்ப்போம் என்று வைத்தாள். சும்மா என்று தொடங்குவது எதுவும் சும்மா முடிவதில்லை.

"இந்தக் கராம்போட இரிக்கிற, என்ட கையால ஏதோ சம்பாதிக்கிற. இப்பதான் எனக்கி நிம்மதி." அதற்கு முன்னால் இருந்த "நல்லாத் தூங்குற" என்பதை எடுத்துப் பின்னால் வைத்தாள். படம் அதோடு முடிந்தது. பீங்கான் இல்லை, வேன் இல்லை, அம்ஜத் இல்லை. மாமியும் இல்லை. தவறாக ஒன்றும் இல்லையே, தாத்தா சொன்னதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஹாஜியார் வந்து பார்த்தார். கடைசி வசனத்தில் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "இதுதான் மகள் எனக்கி வேணும். இந்தப் புள்ளட கொரல்ல உண்ம இரிக்கி," என்றார்.

அவர் போன பிறகு தியாகராஜா இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். "இது முடிஞ்சுதுன்னு சொன்னதுக்கப்புறம் வந்ததுதானே?"

"ஓ சேர்."

"நல்லாப் புடிச்சிருக்கே. அவங்ககிட்டப் போட்டுக் காட்டிக் கேட்டியா?"

தாத்தாவுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுத்தால் வேண்டாம் என்பாள். அது றுமைஸாவுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுக்கவில்லை.

"கேட்டன் சேர்," என்றாள்.

தியாகராஜா தலையாட்டினார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் அவள் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

படத்தை ஹாஜியார் தன் கம்பனிப் பக்கத்தில் போட்டார். வெளிநாட்டில் யார் பார்த்தார்களோ தெரியாது, கெலிஓயா பார்த்தது. கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள், பள்ளிவாசல் ரோட்டுப் பெண்கள் குழுவுக்கு வந்தது. முகம் இல்லை என்றால் என்ன? குர்ஆன் மத்ரஸாவில் பக்கத்தில் இருந்து ஓதியவளின் குரலை எவள் மறப்பாள்? இது அம்ஜத் நானாட பொஞ்சாதிட கொரல்தானே என்று ஒருத்தி கேட்டாள். மௌத்தாகி ரெண்டு மாசம்தானே என்றாள் இன்னொருத்தி. இத்தாவுல இரிந்துகொண்டா நிம்மதியாத் தூங்குறாவாம் என்றாள் மூன்றாமவள். வெளிநாட்டுக்காரனுக்கு அது கராம்பைப் பற்றிய பேச்சு. ஊருக்கு அது அம்ஜத்தைப் பற்றிய பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

யாரோ ஒரு புண்ணியவதி போனைக் கொண்டுபோய் அஸீமா மாமியின் கையில் கொடுத்து, "நீங்க பாக்கல்லயா மாமி?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று பகல் ஹபீலாவின் கோல் வந்தது. றுமைஸா அம்பிட்டியவில் ஒரு ஹோட்டல் படத்துக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிதெண்டுதானே சென்ன?" என்றாள் ஹபீலா. சலாம்கூட இல்லை.

"தாத்தா..."

"மூடியப் போட்டாய்தானே? நான் பாத்த. முடிஞ்சிதெண்டு சென்னாய். பொறகு எப்படி?"

"மைக் ஓடினது தாத்தா. நான்... நிப்பாட்டல்ல."

"மறந்தா?" என்று கேட்டாள் ஹபீலா. மறந்து போனேன் என்று சொல்லியிருந்தால் தாத்தா நம்பியிருப்பாள். றுமைஸாவுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

"மாமி என்னோட கதைக்கிறல்ல," என்றாள் ஹபீலா. "சோறு ஆக்கி மூடி வெச்சிட்டு முத்தத்துல போய் இரிக்கிறா. ஏசினாலும் பரவால்ல. நான் இந்த வீட்ட விட்டு எறங்கவும் ஏலா. அவ என்னப் போண்டு செல்லவும் ஏலா. இத்தா முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு செவத்துக்குள்ள. அதுக்குப் பொறகு இன்ஷிராவத் தூக்கிக்கொண்டு நான் எங்க போற, செல்லு?"

வாப்பா இல்லை. உம்மாவே குண்டசாலையில் மூத்த மகனான நானாவின் வீட்டில் ஒரு அறையில் ஒதுங்கி இருக்கிறார். அந்த அறையில்தான் றுமைஸாவும். தாத்தாவுக்கு இருந்த ஒரே இடத்தில் தீ வைத்தது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாய் உறைத்தது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

ஹாஜியாரிடம் போய்க் கெஞ்சிப் படத்தை எடுக்க வைத்தாள். எடுத்து என்ன பயன்? அதற்குள் அது எல்லார் போனிலும் இருந்தது. தியாகராஜாவிடமும் போனாள். "நான் கேக்கல்ல சேர். கேட்டனெண்டு பொய் சொன்னன்," என்றாள்.

அவர் ஏதாவது கத்துவார் என்று நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப் போவுது? அங்க போ. போய் முன்னால நில்லு. திட்டினா வாங்கிக்க," என்றார். "இனிமே ஒன்ன நம்பி ஒரு வீட்டுக்குள்ள அனுப்ப எனக்கு யோசனயா இருக்கும். அதையும் சொல்லிடுறேன்."

கெலிஓயா பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து, என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே போனாள். உண்மையைச் சொன்னால் மாமியின் செத்த மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆகாது. அதனால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தாள். வெவ்வேறு இடத்தில் சொன்ன வார்த்தைகளை எடுத்து ஒட்டியது நான்தான், தாத்தா அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஒரு பொய்யால் வந்ததை இன்னொரு பொய்யால் மெழுகப் பார்த்தாள், பாவம்.

மழை பெய்துகொண்டிருந்தது. கராம்புப் பாய்கள் வீட்டு ஹோலுக்குள் விரிந்திருந்தன. மாமி தரையில் இருந்து தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னறை வாசலில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் தாத்தா இருப்பது தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி."

"வஅலைக்கும் ஸலாம். இரி," என்றார் மாமி. குரலில் சூடும் இல்லை, ஈரமும் இல்லை.

றுமைஸா தரையில் உட்கார்ந்தாள். "மாமி, தாத்தா ஒண்டும் சொல்லல்ல. எல்லாம் நான் செஞ்சது. கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்ட ஏலும். அங்கொரு சொல்லு இங்கொரு சொல்லு எடுத்து நான்தான் அப்படி..."

"நிம்மதிண்டதும் நீ ஒட்டினதா?"

"ஓ மாமி."

"சொல்ல ஒட்டலாம். மூச்ச ஒட்ட ஏலுமா?" மாமி நிமிரவே இல்லை. "நிம்மதிண்டு செல்ல முந்தி அவ ஒரு மூச்சு விடுறா. எட்டு வருசம் ஒரு வீட்டுக்குள்ள இரிக்கிற. எனக்கி அந்த மூச்சு தெரியாதா? என்ட மகன் கபுருக்குப் போய் ரெண்டு மாசம் புள்ள. அவன்ட சட்டய நான் இன்னும் கழுவல்ல. எல்லாரும் கேட்டுட்டாங்க. கடசியாக் கேட்டது நான்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கவில்லை, கராம்புக் கையைக் கண்ணில் வைக்க முடியாது.

திரைக்குப் பின்னாலிருந்து ஹபீலாவின் குரல் வந்தது. "போடு, றுமைஸா."

"என்ன தாத்தா?"

"ஒன்ட கிட்ட முழுசும் இரிக்கிதானே? போடு."

"வேணாம் தாத்தா. மாமிக்கு..."

"ஊர் அரவாசி கேட்டிச்சி. மாமியும் அந்த அரவாசியத்தான் கேட்டிரிக்கா. முழுசயும் கேட்டுட்டு என்னய என்ன செய்யிறண்டாலும் செய்யட்டும்."

றுமைஸா மாமியைப் பார்த்தாள். மாமி தலையாட்டினார். அவள் போனை எடுத்து, அன்றைய ரெக்கோடிங்கைத் தேடிப் போட்டுத் தரையில் வைத்தாள்.

முடிஞ்சிது தாத்தா என்று முதலில் கேட்டது அவளுடைய குரல்தான். எவ்வளவு இனிமையாய்ச் சொல்லியிருக்கிறாள்! அதைக் கேட்க அவளுக்கே கூசியது. அடுத்து தாத்தாவின் சிரிப்பு, தூக்கம், நிம்மதி. மாமி பொறுக்கிக்கொண்டே இருந்தார். வேன் சத்தம் வந்தது. பீங்கான் வந்தது. மாமியின் விரல்கள் நின்றன. ஊருக்கு அவர் தங்கம் என்ற இடத்தில் மாமி கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்தட்டுமா என்று றுமைஸா கையை நீட்டினாள். மாமி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

மாமிதான் பாவம் என்று போன் சொன்னது. அழவும் வேணும், அழுறதுக்கு வெக்கப்படவும் வேணும் என்று சொன்னது. பீங்கான் ஓட்டை யார் கூட்டி அள்ளியது என்று சொன்னது. மாமி இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன் என்று சொன்னது. பிறகு தூரத்தில் மாமியின் குரலே கேட்டது, மழ வந்திட்டுது, பாய எடுங்க என்று. அதோடு தடதடவென்று ஓடும் சத்தம்.

போன் அடங்கியது. மாமி அழுதார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. றுமைஸாவுக்குக் கிட்டப் போகவும் தைரியம் இல்லை, விலகவும் முடியவில்லை.

"இத ஏன் வெட்டின?" என்று கேட்டார் மாமி கடைசியில்.

"மாமி?"

"என்னப் பத்திச் சென்னத. அத ஏன் வெட்டின?"

பொய் சொல்ல இனி றுமைஸாவிடம் எதுவும் மிச்சம் இல்லை. "கம்பனிக்கித் தேவப்படல்ல மாமி," என்றாள்.

மாமி அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டினார், கடையில் பதினைந்து ரூபாய் குறைத்துத் தர மாட்டேன் என்று சொன்னவனைப் பார்த்து ஆட்டுவது போல. எழும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கினார். உள்ளே ஹபீலா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வா மகள். சோறு ஆறுது," என்றார்.

ஹபீலா ஒரு விம்மலோடு அவர் தோளில் முகத்தை வைத்தாள். மாமியின் கை அவள் முதுகைத் தடவியது. அந்த நேரம் றுமைஸாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போய்விடலாம் என்று எழும்பிச் செருப்பைத் தேடினாள்.

"எங்க போற?" என்றார் மாமி, ஹபீலாவைப் பிடித்தபடியே. "எனக்கிக் கேட்டிட்டுது. இந்த வீட்டுக்குள்ள சரி. ஊருக்கு என்ன செய்யப் போறாய்?"

றுமைஸா வாசலில் நின்றாள்.

"நாளைக்கி இவ இத்தா முடிஞ்சி ரோட்டுல எறங்கினா, புருசன் செத்து நிம்மதியாத் தூங்கினவண்டுதான் பாப்பாங்க. இன்ஷிரா வளந்தா அவள்ட காதுலயும் போடுவாங்க. இதயெல்லாம் ஊருக்கு முழுசாக் கேக்க வெச்சியெண்டா என்ட மகன்ட பேர் போவும். வெக்காட்டி என்ட மருமகள்ட பேர் போவும்." மாமி கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ரெண்டுல ஆர விடுற? வெட்டத் தெரிஞ்ச புள்ள நீ. நீயே செல்லு."

றுமைஸா தாத்தாவைப் பார்த்தாள். தாத்தாவும் அந்தப் பதிலுக்காகத்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.